வெள்ளிப்புல் நடும் முன் என் செலவுக் கணக்கை ஒருமுறை பாருங்கள்

இந்த வசந்தத்தில் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த இரண்டு தமிழ்க் குடும்பத்தார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "வேலியோரம் வெள்ளிப்புல் வைக்கலாமா அக்கா? பார்க்க அழகாக இருக்கிறதே!" தெருவில் நின்றபடி பதில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அந்தப் புல்லை நட்டு, வளர்த்து, வெட்டி, தீப்பிடித்ததை அணைத்து, தோண்டி எடுத்து, இன்றும் முளைத்து வருவதைப் பிடுங்கிக்கொண்டிருப்பவள் நான். வேலியையும் கண் மருத்துவரையும் சேர்த்தால் நாலாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கரைந்திருக்கிறது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்துவிடுகிறேன். இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ராலேயை ஒட்டிய கேரியில். மண் செங்களி, மழை பெய்தால் பசை, காய்ந்தால் செங்கல். வீட்டுக்குப் பின்னால் மழைநீர் தேங்கும் குளமும் அதைச் சுற்றி நடைபாதையும் உண்டு. மாலையில் நடக்க வருகிறவர்கள் எல்லோரும் என் சமையலறை ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மறைப்பாக ஏதாவது வேண்டும் என்று ரோஜா வைத்தேன், செம்பருத்தி வைத்தேன். எல்லாவற்றையும் மான்கள் மேய்ந்துவிட்டன. கணவருக்கு அப்போது வேறு மாநிலத்தில் வேலை. மாதம் ஒருமுறை வந்து போவார். தோட்டம், வீடு, பிள்ளை, மூன்றும் என் தலையில்.

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு நர்சரியில்தான் இந்தப் புல்லைப் பார்த்தேன். தொட்டிச் சீட்டில், முழு வெயில் தாங்கும், வறட்சி தாங்கும், மான் தின்னாது, வேகமாக வளரும், பராமரிப்பு குறைவு என்று போட்டிருந்தது. முதல் நான்கும் சத்தியமான உண்மை. விற்றவர் நல்ல மனிதராகத்தான் பேசினார். "ஒரே வகையாக வைத்தால் சலிப்பாக இருக்கும், கலந்து வையுங்கள்" என்று மூன்று வகைகளை எடுத்துக் கொடுத்தார். மெல்லிய இலையும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ச்சியும் கொண்ட கிராசில்லிமஸ், இலையின் குறுக்கே மஞ்சள் பட்டைகள் ஓடும் ஸீப்ரைனஸ், முன்வரிசைக்குக் குட்டையான அடாஜியோ. வேலி நீளத்துக்கும் வைக்க 420 டாலர் ஆயிற்று. கலந்து வைக்கச் சொன்ன அந்த ஒரு யோசனைதான் பின்னால் எனக்கு வைத்த ஆப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இது என்ன செடி என்றும் சொல்லிவிட வேண்டும். தாவரவியல் பெயர் மிஸ்காந்தஸ் சைனென்சிஸ். ஜப்பான், சீனா, கொரியா இதன் தாயகம். ஜப்பானில் சுசுகி என்பார்கள். இலையுதிர்கால நிலவுக்குப் படையல் வைக்கும்போது இதன் கதிர்களைத்தான் ஜாடியில் செருகுகிறார்கள். ஹகோனே மலையில் செங்கோகுஹாரா என்ற இடத்தில் மலைச்சரிவு முழுவதும் இதுதான்; ஊரே திரண்டு பார்க்கப் போகும். ஷிரகவாகோ கிராமத்தின் உயரக் கூரைகளும் இந்த வகைப் புல்லால் வேய்ந்தவையே. அங்கே அதற்கு வேலை இருந்தது, ஆண்டுதோறும் அறுக்கக் கை இருந்தது. அமெரிக்காவுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அழகுக்காக வந்து சேர்ந்தது. அறுக்க ஆள் கூட வரவில்லை.

முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதல் கோடையில் இடுப்புயரம். அடுத்த கோடையில் ஜன்னல் மறைந்தது. செப்டம்பர் கடைசியில் கதிர் வெளியே வந்தது. வரும்போது வெள்ளி இல்லை. செம்பு கலந்த இளஞ்சிவப்பில், ஈரம் காயாத கூந்தல்போல் ஒட்டிக்கொண்டு நிற்கும். சில நாளில் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகப் பிரிந்து சுருண்டு வெளுக்கும். மாலை வெயில் குளத்துப் பக்கமிருந்து விழும்போது வேலி முழுவதும் எரிவிளக்குத்தான். நடைபாதையில் போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள். என் தோழி ஒருத்தி தூர் பிரித்துக் கேட்டாள், பெருமையோடு கொடுத்தேன். பிறகு அவளையும் கூப்பிட்டு எச்சரிக்க வேண்டியிருந்தது.

முதல் அறுப்பில் தெரிந்தது 'பராமரிப்பு குறைவு' என்பதன் பொருள். உறைபனி விழுந்ததும் இலைகள் வைக்கோல் நிறமாகி, குளிர்காலம் முழுவதும் அப்படியே நிற்கும். புதுக்குருத்து வரும் முன், எங்கள் பகுதியில் பிப்ரவரி கடைசிக்குள், தரையிலிருந்து ஆறு அங்குலம் விட்டு மொத்தத்தையும் வெட்டிவிட வேண்டும். மார்ச் நடுவில் வெட்டினால் பழைய தாளோடு புதுக்குருத்தின் நுனியும் போய், கோடை முழுவதும் முனை மொட்டையான இலைகளோடு நிற்கும். சாதாரணத் தோட்டக் கத்தரியை எடுத்துக்கொண்டு அரைக்கைச் சட்டையோடு போனேன். இலையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காப் பற்கள் உண்டு. வெட்டும்போது வலிக்கவே இல்லை. உள்ளே வந்து கை கழுவும்போது முழங்கை வரை தீக்கோடுகள். போதாக்குறைக்கு, குனிந்து அடித்தாளை இழுத்தபோது வெட்டிய ஒரு கட்டை கண்ணில் குத்திவிட்டது. விழிப்படலத்தில் கீறல். நான்கு நாள் சொட்டு மருந்து, 180 டாலர், ஒரு வாரம் கணினித் திரையைப் பார்க்க முடியாமல் அலுவலகத்தில் கெஞ்சல்.

அடுத்த ஆண்டு முறையாகச் செய்தேன், அதையும் சொல்கிறேன். முதலில் நிற்கும் புல்லைக் கயிற்றால் கட்ட வேண்டும், இடுப்புயரத்தில் ஒன்று, மார்புயரத்தில் ஒன்று, கரும்புக் கட்டு கட்டுவதுபோல இறுக்கமாக. பிறகு ஹெட்ஜ் டிரிம்மரைக் கிடைமட்டமாகப் பிடித்து அடியில் அறுத்தால் முழுக் கட்டும் சாய்ந்து விழும். ஓர் இலைகூடச் சிதறாது. கட்டாமல் அறுத்தால் சக்கைகள் பக்கத்து வீட்டு நீச்சல் குளம் வரை பறக்கும். முழுக்கைச் சட்டை, ரோஜாவுக்குப் போடும் முழங்கை நீளத் தோலுறை, கண்ணாடி, இந்த மூன்றும் இல்லாமல் கிட்டவே போகாதீர்கள். கண்ணாடி என்றால் படிக்கும் கண்ணாடி இல்லை. பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி.

மூன்றாம் ஆண்டு தூரின் நடுப்பகுதி செத்துப்போகத் தொடங்கியது. வெளிவட்டம் பச்சை, உள்ளே மொட்டை, ஒரு பெரிய வடையைப் பார்ப்பதுபோல் இருந்தது. அந்த வயதில் தூரைப் பிரித்து நட வேண்டுமாம். எந்தச் சீட்டிலும் அது இல்லை. கோடை மழை ஒன்று அடித்ததும் பாதித் தாள்கள் நடைபாதைப் பக்கம் சரிந்து விழுந்தன. புல்தரைக்கு உரம் போட வருகிற ஆள் இதற்கும் தழைச்சத்தைத் தாராளமாக வீசிவிட்டுப் போயிருக்கிறார். சத்து மிகுந்தால் இது கொழுத்து உயர்ந்து நிற்க வலுவின்றிச் சாயும். நிழல் விழும் இடத்திலும் இதே கதிதான். யாரிடமாவது புல்தரைப் பராமரிப்பை விட்டிருந்தால், இந்த வரிசையைத் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி தீ விபத்து. புத்தாண்டுக்கு முந்திய இரவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கம்பி மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாநிலத்தில் மத்தாப்புக்குத் தடை இல்லை, வெடிக்குத்தான். இரண்டு வாரமாக மழை இல்லை, காற்றும் இருந்தது. ஒரு பொறி எங்கள் பக்கம் வந்து விழுந்தது. நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஜன்னல் சட்டென்று ஆரஞ்சு நிறமானது. வெளியே ஓடிப் பார்த்தால் ஒரு தூர் வேலியைப்போல் இரு மடங்கு உயரத்துக்கு எரிகிறது. நான் குழாயை நோக்கித் திரும்புவதற்குள் அடுத்த தூருக்குத் தாவிவிட்டது. இங்கே குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க வெளிக்குழாயின் நீரை உள்ளேயே அடைத்து, ரப்பர் குழாயைக் கழற்றிச் சுருட்டிக் கொட்டகையில் வைத்துவிடுவோம். திருகினேன், சொட்டு நீர் வரவில்லை. மகன் 911க்கு அழைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் தன் சமையலறைத் தீயணைப்பானை எடுத்துக்கொண்டு வேலி ஏறிக் குதித்தார். நான் வாளியில் தண்ணீர் ஊற்றியதெல்லாம் என் மனத் திருப்திக்குத்தான். தீயணைப்பு வண்டி வந்தபோது எரிய வேண்டியது எரிந்து முடிந்திருந்தது. வீட்டுச் சுவர் தப்பியது, இடையில் புல்தரை இருந்ததால். வினைல் வேலிப் பலகைகள் மட்டும் மெழுகாக உருகித் தொங்கின.

அன்று இரவு நான் தூங்கவில்லை. சுவரை ஒட்டி நடலாமா என்றுகூட முதலில் யோசித்திருந்தேன் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது. வேலியைச் சீராக்க 1,150 டாலர். காப்பீட்டில் நாம் முதலில் கையிலிருந்து போட வேண்டிய தொகை அதைவிட அதிகம் என்பதால் ஒரு காசு பெயரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பாதி தருகிறேன் என்றார். அவர்தான் ஓடிவந்து அணைத்தவர். வாங்க எனக்கு மனம் வரவில்லை. காய்ந்து நிற்கும் வெள்ளிப்புல் பெட்ரோலுக்கு அடுத்தபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவர், மரத்தளம், இறைச்சி சுடும் அடுப்பு, எரிவாயு மீட்டர், எதற்கும் பத்தடிக்குள் இது இருக்கக்கூடாது. 'குளிர்காலத்திலும் அழகாக இருக்கும், வெட்டாமல் விடுங்கள்' என்று தோட்ட இதழ்கள் எழுதும். வீட்டுக்கு அருகில் இருந்தால் அந்த அழகு வேண்டாம், டிசம்பரிலேயே அறுத்துவிடுங்கள். தீபாவளியை வீட்டுப் பின்புறத்தில் கொண்டாடுகிற நம்மவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

எரிந்ததோடு செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். மார்ச்சில் வந்து பார்த்தால், எரியாத தூர்களைவிட எரிந்தவற்றில்தான் குருத்து முந்திக்கொண்டு பச்சைப் பசேலென்று நிற்கிறது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: ஜப்பானில் இந்தப் புல்வெளிகளை வசந்தத்தில் வேண்டுமென்றே கொளுத்துகிறார்கள். கொளுத்தினால் மரக்கன்றுகள் செத்துப் புல் மட்டும் செழிக்கும். குருத்தின் கண் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. நெருப்பு இதற்குத் தண்டனை இல்லை, சீராட்டு.

எடுத்துவிடலாம் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. உறுதியானது அக்டோபரில். இலை நிறம் மாறுவதைப் பார்க்க ப்ளூ ரிட்ஜ் மலைச்சாலைக்குப் போனோம். ஆஷ்வில் நெருங்க நெருங்க, நெடுஞ்சாலைச் சரிவுகளில் என் வேலிப் புல் நிற்கிறது. ஒன்றிரண்டு இல்லை, சரிவு சரிவாக. மகன் கைதட்டி, "அம்மா, நம் வீட்டுப் புல்!" என்றான். யாரும் நட்டதில்லை, தோட்டங்களிலிருந்து காற்றில் வந்தவை. திரும்பி வந்த மறுநாள் வீட்டைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தேன். புல்தரையில், பக்கத்து வீட்டு அசேலியா அடியில், நடைபாதைக் கற்களின் இடுக்கில், குளக்கரையில், எங்கும் கன்றுகள். ஓராண்டாக அவற்றை ஏதோ களைப்புல் என்று புல்வெட்டியை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அடையாளம் எளிது: இலையின் நடுநரம்பு பளிச்சென்ற வெள்ளைக் கோடாக ஓடும். ஜான்சன் புல்லுக்கும் அப்படி வெள்ளை நரம்பு உண்டு, ஆனால் அதன் இலை அகலம், வேர்த்தண்டு நீளமாகக் கிடையாக ஓடும். இது குத்தாக நிற்கும். கன்றுகளில் மஞ்சள் பட்டையோ குட்டை வளர்ச்சியோ எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் வெறும் பச்சைக் காட்டுப்புல்லாகத்தான் வரும்.

இங்கேதான் அந்த 'கலந்து வையுங்கள்' வருகிறது. இந்தப் புல் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே விதை பிடிக்காது. கடையில் வாங்கும் ஒரு வகையின் எல்லாத் தொட்டிகளும் ஒரே தாய்த்தூரைப் பிரித்து வளர்த்தவை, மரபணு ஒன்றே. ஆகவே ஒரே வகையை மட்டும் எத்தனை வைத்தாலும் நல்ல விதை அதிகம் வராது. பக்கத்தில் வேறு வகை வந்து, பூக்கும் காலமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், கதிர் முழுக்க முளைக்கும் விதைதான். எனக்கு விற்றவர் வரிசையாக மூன்று வகைகளை அடுக்கிக் கொடுத்து, விதை உற்பத்திப் பண்ணையே அமைத்துத் தந்துவிட்டார். குளிர்ப் பிரதேசங்களில், தாமதமாகப் பூக்கும் வகைகள் விதை முற்றும் முன்பே உறைபனியில் மாட்டிக்கொள்ளும். நீண்ட இலையுதிர்காலம் கொண்ட எங்கள் கரோலினாவில் அந்தத் தடையும் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் வேறு வகை இருந்தாலும் போதும், காற்று வேலையை முடித்துவிடும். நியூயார்க் மாநிலத்தில் இதை ஆக்கிரமிப்புத் தாவரம் என்று எழுதிய சீட்டோடுதான் விற்கலாம் என்று விதி இருக்கிறது. எனக்குக் கிடைத்த சீட்டில் மானைப் பற்றித்தான் எழுதியிருந்தது.

ஜப்பானில் இன்று சுசுகிப் புல்வெளிகளுக்குள் புகுந்து ஆட்டம் காட்டுவது எது தெரியுமா? எங்கள் கரோலினா சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்து, யாருக்கும் தொல்லை தராமல் நிற்கும் கோல்டன்ராட். இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று செடியனுப்பிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டன என்று மகனிடம் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு, எனக்குக் களைக்கொத்து.

எடுப்பதற்கு விலை கேட்டேன். ஒரு தோட்ட ஒப்பந்தக்காரர் 2,100 டாலர் என்றார், இன்னொருவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடவே இல்லை. இதற்கிடையில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம், பொது இடமான குளக்கரையில் எங்கள் வீட்டுப் புல் பரவுகிறது, அகற்றுங்கள் என்று. அன்று ஊருக்குப் பேசும்போது அப்பாவிடம் வீடியோவில் தூரைக் காட்டினேன். அப்பா திருவையாற்றுப் பக்கம் ஆயுளில் பாதியைக் கரும்பில் கழித்தவர். இலையைக் கிட்டத்தில் காட்டச் சொன்னார், அடியைக் காட்டச் சொன்னார். "இது கரும்புச் சாதியாயிற்றே அம்மா. சோகையைப் பார், சுணையைப் பார். கட்டையை மண்ணில் விட்டால் மறுதாம்பு கிளம்பாமல் என்ன செய்யும்? பக்கத்தில் வாய்க்கால் பறித்து, வேரை அறுத்து, பிறகுதான் நெம்ப வேண்டும். நேராக மேலே கொத்தினால் கடப்பாரைதான் வளையும்" என்றார். சோகை என்றால் கரும்பின் இலை, சுணை அதில் அரிக்கும் பூமுள், மறுதாம்பு வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி கிளம்பும் முளை. அவர் சொன்னது சரிதான். வெள்ளிப்புல்லும் கரும்பும் நெருங்கிய உறவு. இரண்டையும் இனக்கலப்புச் செய்து ஆராய்ச்சியாளர்கள் புது வகைகளே உண்டாக்குகிறார்கள். அமெரிக்கத் தோட்டக்கலைக் காணொளிகளில் கிடைக்காத தெளிவு ஐந்து நிமிடத்தில் அப்பாவிடம் கிடைத்தது.

தோண்டும் முன் 811ஐ அழைத்தேன். அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் இருந்தாலும் இது இலவசம். சில வேலைநாளில் வந்து எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று தரையில் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள். வந்தார்கள், மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கோடு போட்டார்கள். ஆனால் நம் சொந்தத் தெளிப்பான் குழாய்களை அவர்கள் குறிப்பதில்லை. அது வீட்டுக்காரர் பாடு. எனக்கு அது தெரிந்தது பிக்காசு குழாயில் இறங்கி, செந்நீர் முகத்தில் பீய்ச்சி அடித்தபோதுதான். பழுது பார்க்க 240 டாலர். தெளிப்பான் உள்ள வீடாக இருந்தால் தோண்டும் முன் அதை ஓடவிட்டு, எந்தத் தலைகள் எங்கே எழும்புகின்றன என்று கொடி நட்டுக்கொள்ளுங்கள்; குழாய் அவற்றுக்கிடையேதான் போகும்.

தோண்டும் முறை இதுதான். மழை பெய்து ஒரு நாள் கழித்து இறங்குங்கள். செங்களி அன்று மட்டும்தான் மனம் இளகும். தாளை அடிவரை அறுத்துவிட்டு, தூரிலிருந்து ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் பள்ளம் பறியுங்கள். பிறகு முன்னும் பின்னும் ஓடும் மின் ரம்பத்தில் மரம் வெட்டும் அலகைப் பூட்டி, கேக் வெட்டுவதற்குப் பதில் கல்லை வெட்டுகிறோம் என்ற மனத்தயாரிப்போடு தூரை நான்காகப் பிளக்க வேண்டும். மண் பட்டு அலகு மழுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பெட்டி அலகு வாங்கி வையுங்கள். ஒவ்வொரு துண்டாகக் கடப்பாரையால் நெம்பினால் வரும். முழுத்தூரையும் ஒரே மூச்சில் எடுக்க நினைத்தால் முதுகு போய்விடும். மண்ணோடு ஒரு வளர்ந்த தூர் என்னைவிட எடை. பிடுங்கியதைப் புல்மேல் போட்டு வைக்காதீர்கள், அங்கேயே வேர்விடும். தார்ப்பாயில் வேர் மேல்நோக்கிக் கிடக்க வெயிலில் காயவிட வேண்டும். கதிர் இருந்தால் முதலில் கதிர்களை மட்டும் அறுத்துக் குப்பைப் பையில் கட்டிவிடுங்கள், மட்கு உரக்குழிக்கு அது போகவே கூடாது.

பாதி வரிசையில் என் வலது மணிக்கட்டு வீங்கி, தோசைக் கரண்டியைத் திருப்ப முடியாமல் போயிற்று. அன்று மாலை பள்ளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. மீதியை ஆள் வைத்து எடுத்தேன்: 900 டாலர். கருவிகளுக்கு 260, கழிவை ஏற்றிக்கொண்டு போக 150. பிறகு கிளம்பிய மறுதாம்புகளுக்குத்தான் களைக்கொல்லி. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெட்டிய உடனே அடித்தால் பயனில்லை, மருந்தை உள்வாங்க இலை வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றரை அடி வளரவிட்டு கிளைபோசேட் அடிக்க வேண்டும். இலை பழுக்கும் முன், செப்டம்பர் வாக்கில் அடித்தால் சத்தோடு சேர்ந்து வேருக்கு இறங்கும். ஒரே தடவையில் சாகாது. மறு ஆண்டும் பார்க்க வேண்டும். அது புல், பூச்செடி என்று பார்க்காது, தொட்டதையெல்லாம் கொல்லும். காற்றில்லாத காலையில், பஞ்சால் தடவினால் இன்னும் நல்லது. குளக்கரையில் இருந்தவற்றுக்கு, நீர்நிலையருகே பயன்படுத்த அனுமதித்த தயாரிப்பைத்தான் வாங்கினேன். இரண்டும் வேறு, சீட்டைப் படித்து வாங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் புல்தான் வேண்டும் என்பவர்களுக்கு வழியில்லாமல் இல்லை. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மில்ஸ் ரிவர் ஆய்வுப் பண்ணையில், விதை ஏறக்குறையப் பிடிக்காத வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். 'மை ஃபேர் மெய்டன்' என்ற பெயரில் ஒன்று விற்பனைக்கு வருகிறது. அதை வாங்கினால் பரவும் கவலை தீரும். அறுப்பும் தீயும் கண்ணில் குத்தும் கட்டையும் அப்படியேதான் இருக்கும். யாராவது இலவசமாகத் தூர் பிரித்துத் தந்தால், வாங்கும் முன் அடியிலுள்ள இலையுறையைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் அது உள்ளே ஒளிந்துகொண்டு மருந்துக்குச் சிக்காது, கதிரை முறுக்கிவிடும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நர்சரியில் கேட்க வேண்டியவை: இது விதை போடுமா, வேர்த்தண்டு ஓடுமா, எத்தனை ஆண்டில் பிரிக்க வேண்டும். ஓடுமா என்று கேட்பது ஏனென்றால், அமுர் வெள்ளிப்புல் என்று ஓர் உறவு இனம் இருக்கிறது. அது குத்தாக நிற்காமல் மண்ணுக்கடியில் ஓடி வேலி தாண்டும். பதில் சொல்பவர் தடுமாறினால் அடுத்த வரிசைக்குப் போய்விடுங்கள்.

என் வேலியோரம் இப்போது இந்த மண்ணுக்கே உரிய புற்கள். மறைப்புக்கு ஸ்விட்ச் கிராஸில் 'நார்த்விண்ட்' என்ற வகை, அது மழையிலும் நெட்டுக்குத்தாக நிற்கிறது. முன்வரிசைக்கு மியூலி புல், அக்டோபரில் இளஞ்சிவப்பு மூட்டமாகப் பூக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து 380 டாலர். ஜன்னல் முழுவதும் மறைய இன்னும் ஒரு கோடை ஆகும், அதுவரை திரைச்சீலை. இவையும் குளிர்காலத்தில் காயும், எரியும் என்பதை மறக்கவில்லை. சுவரிலிருந்து தள்ளியே வைத்திருக்கிறேன், டிசம்பரில் அறுத்துவிடுகிறேன். வெளிக்குழாயை மூடும் முன் தீயணைப்பான் ஒன்று வாங்கிப் பின்வாசலில் மாட்டியாயிற்று.

தூர் வாங்கிப்போன தோழி பிறகு மினசோட்டாவுக்கு மாறிவிட்டாள். அங்கே வீட்டோடு வந்த 'மார்னிங் லைட்' என்ற வெள்ளிப்புல் வகை ஒன்று வாசலில் நிற்கிறதாம், எடுத்துவிடட்டுமா என்று பயந்துபோய்க் கேட்டாள். தனித்து நிற்கும் ஒற்றைத் தூர், தாமதமாகப் பூக்கும் வகை, அக்கம்பக்கத்தில் வேறு வெள்ளிப்புல் இல்லை, குளிரும் சீக்கிரம் வருகிறது. வைத்துக்கொள், கதிர் பஞ்சு பறக்கும் முன் அறுத்து ஜாடியில் வை என்றேன். இங்கே கேரியில் அவள் விட்டுப்போன வீட்டில் நிற்கும் தூரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்த வீட்டை வாங்கியவர்களின் தொலைபேசி எண்ணை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பருக்குள் பேசிவிட வேண்டும்.